களனி கங்கை உங்கள் மீன் தொட்டிக்குக் கீழே

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசிக்கும் சகோதரிகளே, காலையில் குசினிக் குழாயைத் திறந்ததும் விழுகிறதே தண்ணீர், அது எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? அதில் பெரும் பங்கு களனி கங்கையின் தண்ணீர். அம்பத்தலேயில் ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குழாய் வழியாக நம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டு ஹோலில் மீன் தொட்டி இருக்கிறதா? அதில் இரண்டு அங்குலம்கூட இல்லாத, குங்குமச் சிவப்பான சின்ன மீன்கள் ஓடித் திரிகின்றனவா? கடையில் 'செரி பார்ப்' என்று சொல்லி விற்றிருப்பார்கள். அதன் பூர்வீகமும் களனிதான். களனி முதல் தெற்கே நில்வளா கங்கை வரையுள்ள ஆற்றுப் படுகைகளின் நிழல் ஓடைகளைத் தவிர, உலகில் வேறெங்கும் அது இயற்கையாகப் பிறந்ததில்லை.

ஆக, மீனும் களனியின் மீன்; தண்ணீரும் களனியின் தண்ணீர். அப்படியிருந்தும் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிவந்த மீன், நாலாம் நாள் காலையில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறதே, ஏன்? ஆற்றிடம் இருந்த ஏதோ ஒன்று நம் கண்ணாடிப் பெட்டியில் இல்லை. அது என்னவென்று அறிய, வாருங்கள், ஆற்றோடு கூடவே ஒரு பயணம் போய் வருவோம். மலையில் தொடங்கி, உங்கள் மீன் தொட்டியின் கீழ்த் தட்டில் முடிகிற பயணம் இது.

கித்துல்கலயில் ஒரு பாடம்

பாடசாலை விடுமுறையில் நுவரெலியா போகிறவர்கள் பலர் ஹற்றன் பாதையில்தான் போவார்கள். அவிசாவளையைத் தாண்டி, யட்டியாந்தோட்டையைக் கடந்தால், கொழும்பிலிருந்து சுமார் 90 கிலோமீற்றரில் கித்துல்கல வரும். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டியது இந்த இடத்தில்தான். இன்று இளைஞர்கள் றப்பர் படகில் ஏறிக் கூச்சலிட்டுக்கொண்டு போகும் இடமும் இதுவே.

சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஆற்றைப் பாருங்கள். சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து உருவான ஆறு இது. தண்ணீர் நேராகப் போவதில்லை. ஒரு பாறைக்கு மேலால் வழிகிறது. அடுத்த பாறைக்குக் கீழால் நுழைகிறது. நுரைத்துப் பொங்கி, பிறகு ஒரு மடுவில் வந்து அடங்குகிறது. அங்கே மணலும் சருகும் அடியில் தங்கிவிடுகின்றன. மீண்டும் கூழாங்கற்களுக்கிடையே சலசலத்து ஓடுகிறது.

இது வெறும் அழகுக்காட்சி அல்ல; ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் முறை. பாய்ந்து விழும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் தண்ணீரில் கரைகிறது. மடுவில் அடங்கும்போது கசடு தங்குகிறது. கூழாங்கல் ஒவ்வொன்றிலும் கை வைத்தால் வழுக்குகிறதே ஒரு மெல்லிய படலம், அதில்தான் ஆற்றின் முக்கியமான வேலையாட்கள் குடியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் அவை. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் வருகின்ற அமோனியா என்ற நஞ்சை, ஒரு கூட்டம் நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் மீனுக்கு நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதைக் கேடு மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றிவிடுகிறது. அதைச் செடிகொடிகள் உரமாக எடுத்துக்கொள்கின்றன.

வெற்றிலை சப்பிய மீன்

பெரிய ஆற்றின் வேகத்தில் நம் சின்ன மீன்களைக் காண முடியாது. ஆற்றில் வந்து சேரும் சிற்றோடைகளில், மரநிழல் விழுந்து, அடியில் சருகு படிந்து, தண்ணீர் மெதுவாக நடக்கும் இடங்களே அவற்றுக்குப் பிடிக்கும். செரி பார்ப்பைச் சிங்களத்தில் 'லே தித்தயா' என்பார்கள். 'லே' என்றால் இரத்தம். ஆண் மீனின் நிறத்தைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். 1929இல் இந்த மீனை விஞ்ஞான உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் நமது நாட்டு அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல. 'தித்தயா' என்ற ஊர்ப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரிலும் வைத்தார்.

அதன் உறவுக்கார மீன் ஒன்று இருக்கிறது. கடையில் 'பிளாக் ரூபி' என்பார்கள். சிங்களத்தில் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை சப்பியவன். இணைசேரும் காலத்தில் ஆண் மீனின் முன்பாதி, வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்துவிடும். இதுவும் நம் நாட்டின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய மீன்.

இவ்விரண்டுக்கும் மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள, தெளிவான தண்ணீர் வேண்டும். 23 பாகை முதல் 27 பாகை செல்சியஸ் வரையான சூடு போதும். வாங்கும்போது பண்ணையில் வளர்த்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். ஓடையில் வலை போட்டு அள்ளிவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். காட்டோடை ஒன்று வெறுமையானால் திரும்ப நிரப்ப வேறு நாட்டிலிருந்து மீன் வராது.

அம்பத்தலேயில் மனிதன் செய்த ஆறு

கித்துல்கலயிலிருந்து இறங்கி ருவன்வெல்ல, அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல என்று வந்தால் ஆறு அகன்று, மந்தமாகி, பழுப்பாகிவிடும். வழியில் ஊர்களின் கழிவும் தொழிற்சாலைகளின் கழிவும் சேர்ந்துவிடுகின்றன. வரட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வருவதைத் தடுக்க, அம்பத்தலேயில் ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போடவேண்டியும் வந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? தண்ணீருக்குக் காற்றூட்டுகிறார்கள். படிகாரம் போன்ற பொருளைக் கலந்து கசடைத் திரட்டுகிறார்கள். பெரிய தொட்டிகளில் அடங்கவிட்டு, மணல் வழியாக வடிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், கித்துல்கலயில் பாறையும் மடுவும் மணலும் செய்ததைத்தான் இங்கே கொங்கிறீற்றுச் சுவர்கள் செய்கின்றன. கடைசியில் ஒன்று மட்டும் ஆற்றில் இல்லாதது: குளோரீன். அது நமக்குக் காவல். மீனுக்கும், மீனைக் காக்கும் பக்ரீரியாவுக்கும் எமன்.

இனி உங்கள் ஹோலுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை தொட்டி மங்கலாகிறது. ஞாயிற்றுக்கிழமை உம்மா புடவையைச் செருகிக்கொண்டு முழுத் தண்ணீரையும் வாளி வாளியாக இறைக்கிறார். கல்லையெல்லாம் எடுத்துத் தேய்த்துக் கழுவுகிறார். குழாய்த் தண்ணீரை நேரே நிரப்புகிறார். தொட்டி பளிங்குபோல் இருக்கிறது. புதன்கிழமை மீன் மிதக்கிறது! உம்மாவில் குறையில்லை, இடுப்பொடிய வேலை செய்தவர் அவர்தான். ஆனால் தேய்த்துக் கழுவியபோது, அமோனியாவைத் தின்னும் வேலையாட்களும் சேர்ந்து கழுவுப்பட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களைக் குளோரீன் முடித்துவிட்டது.

தொட்டிக்கு வேண்டியது அதிக வாளித் தண்ணீர் அல்ல; ஒரு சிறு ஆறு. பாறைக்கு மேலால் வழிந்து, கீழால் நுழைந்து, அடங்கி, கல்லுக்கிடையே ஓடி, திரும்பவும் மேலே வரும் ஆறு. அதைக் கண்ணாடித் துண்டுகளால் வீட்டிலேயே செய்துவிடலாம். தொட்டிக்குக் கீழே வைக்கும் இந்த இரண்டாவது தொட்டிக்குத்தான் 'சம்ப்' என்று பெயர்.

பழைய சோனகத் தெருவில் ஒரு முற்பகல்

கொழும்பு 12இல், புதுக்கடைப் பக்கம் உள்ள பழைய சோனகத் தெரு நம்மில் பலருக்குப் பழக்கமான இடம். பெயரிலேயே நம் மூதாதையர் இருக்கிறார்கள். இன்று அது ஹாட்வெயார் கடைகளின் தெரு. லொறியும் கைவண்டியும் நெருக்கும் அந்தத் தெருவுக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள். அளவுகளைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனால், "நானா, இது வேணும்" என்று சொல்லி நீங்களே வாங்கி வரலாம்.

முதலில் வாங்க வேண்டியவை குழாய்ச் சாமான்கள். கூரைமேல் வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கியின் அடியில், இரு பக்கமும் றப்பர் வளையம் வைத்து இறுக்கிப் பூட்டுவார்களே ஓர் இணைப்பு, அதில் ஓர் அங்குல அளவுள்ளது ஒன்று. அதற்குப் பொருந்தும் பி.வி.சி. குழாயும் முழங்கை வளைவுகளும். தண்ணீரை மேலே அனுப்ப, பம்பின் வாய்க்குப் பொருந்தும் குழாய். பிறகு சிலிக்கோன் பசை. இதில் கவனம் வேண்டும்: நூறு வீதம் சிலிக்கோனாக இருக்க வேண்டும். காயும்போது வினாகிரி வாடை வருவதே பொருத்தமானது. குளியலறைக்கு விற்கும் பூஞ்சணம் பிடிக்காத வகை வேண்டவே வேண்டாம். அதில் கலந்துள்ள மருந்து மீனைக் கொல்லும்.

பம்ப்பை மீன் கடையில் வாங்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம், தண்ணீரை மேலேற்றாத நிலையில் உள்ள வேகம். நாலடி ஏற்றும்போது அதில் நல்ல பங்கு குறைந்துவிடும். நமது தொட்டிக்கு மணித்தியாலத்துக்கு 700 லீற்றர் அளவு மேலே வந்து சேர வேண்டும். ஆகவே 1,200 முதல் 1,500 லீற்றர் என்றும், இரண்டு மீற்றர் உயரத்துக்குக் குறையாமல் ஏற்றும் என்றும் எழுதியிருப்பதை எடுங்கள்.

குழாய் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். ஏனென்றால் மேல்தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் துவாரம் போட வேண்டும். அதன் அளவை அந்த இணைப்புத்தான் தீர்மானிக்கும். துவாரத்தைக் கண்ணாடிக் கடைக்காரரே போடட்டும். மேல் விளிம்பிலிருந்து நாலு அங்குலம் கீழே அதன் நடுப்புள்ளி வரட்டும். சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடியில் துவாரம் போட முடியாது, தூள்தூளாகிவிடும். ஆகையால் சாதாரணக் கண்ணாடி என்று சொல்லி வாங்குங்கள்.

அளவுகள்

மேல்தொட்டி: நீளம் 36 அங்குலம், அகலம் 15, உயரம் 18, கண்ணாடித் தடிப்பு 8 மில்லிமீற்றர். தண்ணீர் 16 அங்குலம் நிற்கும். அதாவது சுமார் 140 லீற்றர்.

கீழ்த்தொட்டி: நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 14, தடிப்பு 6 மில்லிமீற்றர்.

தடுப்புக் கண்ணாடி மூன்று, 5 மில்லிமீற்றர் தடிப்பில். முதலாவது 9 அங்குல உயரம், இரண்டாவது 10, மூன்றாவது 8. அகலத்தைக் கீழ்த்தொட்டியின் உள்ளகலத்தை அளந்து, அதில் ஒரு நூல் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். சட்டை வெட்டும்போது தையலுக்குத் துணி விடுகிறோம். இங்கே சிலிக்கோனுக்கு இடம் விடுகிறோம். இறுக்கமாக வெட்டினால் கண்ணாடி வெடிக்கும். எல்லா விளிம்பையும் தேய்த்துத் தரும்படி கேளுங்கள். கீழ்த்தொட்டிக்குள் கை விட்டு வேலை செய்யப் போவது நீங்கள்தான்.

மேலால், கீழால், மேலால்

பெட்டியை ஒட்டும் வேலையைக் கடையிலேயே செய்து வாங்கலாம். தடுப்புகளை ஒட்டுவது வீட்டில் ஒரு பின்னேர வேலை.

கண்ணாடியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சிலிக்கோன் பிடிக்காது. கோடுகளைப் பெட்டியின் வெளிப்புறத்தில் பேனையால் போட்டுக்கொள்ளுங்கள். இடது கோடியிலிருந்து 12 அங்குலத்தில் முதல் தடுப்பு. அதிலிருந்து ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டாவது. இன்னும் ஓர் அங்குலம் விட்டு மூன்றாவது. அதற்கப்பால் சுமார் 9 அங்குல அறை மிஞ்சும். அது பம்ப்பின் அறை.

முதல் தடுப்பும் மூன்றாவது தடுப்பும் அடித்தளத்தோடு ஒட்ட வேண்டும். இரண்டாவது மட்டும் தரையைத் தொடக்கூடாது. ஓர் அங்குல மரக்கட்டை இரண்டை அடியில் வைத்து, அதன்மேல் நிறுத்தி, இரு பக்கமும் ஒட்டி, காய்ந்தபின் கட்டைகளை எடுத்துவிடுங்கள்.

இப்போது தண்ணீரின் வழியைப் பாருங்கள். இடது அறையிலிருந்து முதல் தடுப்பின் மேலால் வழிகிறது. இரண்டாவதின் கீழால் நுழைகிறது. மூன்றாவதின் மேலால் ஏறிப் பம்ப்பின் அறைக்குள் இறங்குகிறது. கித்துல்கலயில் கண்டது ஞாபகம் வருகிறதா? கீழ்நோக்கிப் போகும் தண்ணீரின் வேகம் மிகக் குறைவு; காற்றுக் குமிழிகளோ மேலே எழவே விரும்பும். ஆகவே குமிழிகள் பெரும்பாலும் இரண்டாவது தடுப்பைத் தாண்டாமல் மேலே வந்து உடைந்துவிடும். இல்லாவிட்டால் அவை பம்ப்பில் புகுந்து, மேல்தொட்டி முழுவதும் சோடாப் போத்தல்போலப் பொங்கும்.

இடது அறைதான் கூழாங்கல் ஓடை. மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையில் முரட்டு ஸ்பஞ்ச் வையுங்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதன்மேல் விழட்டும். மீனின் எச்சமும் இலைத்துண்டும் அங்கே தங்கும். அதற்குக் கீழே பக்ரீரியாவுக்குக் குடியிருப்பு. விலை கூடிய பீங்கான் வளையங்கள்தான் வேண்டுமென்பதில்லை. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரபர் பத்துப் பதினைந்து போதும். சவர்க்காரம் கலந்ததும் கம்பியால் ஆனதும் ஆகாது. வெறும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கடற்கரையில் பவளக் கல் பொறுக்கிவந்து போடாதீர்கள். அதற்குச் சட்டத்திலும் இடமில்லை. இந்த மீன்களுக்கு வேண்டிய மென்மையான நீரையும் அது கெடுத்துவிடும்.

ஒட்டியபின் ஒரு கிழமை பெட்டியைத் தொடாதீர்கள். வினாகிரி வாடை முழுதாகப் போக வேண்டும். அதன்பின் முற்றத்தில் சமமான இடத்தில் வைத்து, நீர் நிரப்பி, ஒரு நாள் முழுவதும் கசிகிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போனால்?

நம் நாட்டில் சம்ப் வைக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அறிவித்தார்கள். பம்ப் நின்றால் மேலே உள்ள தண்ணீர் கீழே இறங்கும். கீழே இடமில்லாவிட்டால் அது உங்கள் கம்பளத்தைத்தான் தேடிப் போகும்.

கணக்குப் பார்ப்போம். மேல்தொட்டியில், இணைப்பின் உட்புறம் ஒரு முழங்கை வளைவைப் பூட்டி, அதன் வாயை மேல்நோக்கி 16 அங்குல உயரத்தில் நிறுத்துகிறோம். மீன் நுழையாதபடி வாயில் சல்லடை மூடி போடுங்கள். தண்ணீர் அந்த வாய் மட்டத்துக்குக் கீழே அவ்வழியாக இறங்காது. மேலே தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்கு இன்னொரு குணம் உண்டு. அதன் நுனி தண்ணீருக்குள் இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் தலைகீழாக உறிஞ்சப்பட்டு இறங்கும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள். நீர் துளைவரை இறங்கியதும் காற்று நுழைந்து, உறிஞ்சுவது நின்றுவிடும். துளை பாசியால் அடைபடாமல் மாதமொருமுறை குத்திவிட வேண்டும்.

இப்படிச் செய்தால் மேலிருந்து கூடினால் ஓர் அங்குலத் தண்ணீர் இறங்கும். 36 அங்குலம், 15 அங்குலம், ஓர் அங்குலம்: சுமார் 9 லீற்றர். பம்ப் அறையில் ஓடும்போது நீர்மட்டம் 7 அங்குலம் இருந்தால், இந்த 9 லீற்றரும் வந்தபின் கீழ்த்தொட்டியின் மட்டம் 10 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். பெட்டியின் உயரமோ 14. குழாய்களில் நிற்கும் தண்ணீருக்கும் இடமிருக்கிறது. ஒரு துளியும் வெளியே போகாது.

இனி எதிர்ப்பக்க ஆபத்து. இறங்கும் குழாயை ஒரு இலை அடைத்துவிட்டது. பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. பம்ப் அறையில் அது எடுக்கக்கூடியது சுமார் 10 லீற்றர்தான். அது முழுவதும் மேலே போனாலும் மேல்தொட்டியில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயராது. நாம் விட்டிருப்பது இரண்டு அங்குலம். மூன்றாவது தடுப்பு அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். இடது அறையின் தண்ணீரைப் பம்ப் இழுத்துவிடாமல் அது காக்கிறது. பம்ப் வரண்டு சூடாகும் என்பது உண்மை. ஆனால் வீடு நனையாது.

கணக்கை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். எல்லாவற்றையும் பூட்டி, மீன் விடுமுன், பகல் நேரத்தில், வீட்டார் எல்லோரும் இருக்கும்போது, நீங்களே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நீர் இறங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிறகு மீண்டும் ஓட விடுங்கள். ஓடும்போது பம்ப் அறையின் மட்டத்தில் ஒரு நிற டேப் ஒட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நீண்ட மின்வெட்டில் மீனுக்கு உணவு போடாதீர்கள். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. பல மணித்தியாலம் கழித்துக் கரண்ட் வந்தால், கீழ்த்தொட்டி நாறுகிறதா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். நாறினால் அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பம்ப்பைப் போடுங்கள். காற்றில்லாமல் செத்த பக்ரீரியாவின் கழிவை மேலே அனுப்ப வேண்டாம்.

பொறுமை வேண்டிய ஆறு கிழமை

தொட்டி ஓடத் தொடங்கிய அன்றே மீன் வாங்கப் பிள்ளைகள் இழுப்பார்கள். இங்கேதான் உம்மாவின் உறுதி தேவை. பக்ரீரியா குடியேறி நிலைபெற நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவர்களுடைய அழுக்கு ஸ்பஞ்ச் ஒரு துண்டு கேட்டு வாங்கி இடது அறையில் போடுங்கள். மோருக்கு உறை ஊற்றுவது போன்றது அது. பிறகு மூன்று நாலு மீனோடு தொடங்கி, கிழமைகள் செல்லச் செல்லக் கூட்டுங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்? முழுத் தொட்டியையும் இறைக்கும் வேலை இல்லை. கிழமைக்கு இரண்டு மூன்று வாளி மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தோ, மீன் கடையில் விற்கும் குளோரீன் முறிப்பு மருந்து இட்டோ ஊற்றுங்கள். ஸ்பஞ்சைத் தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்; குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்க்ரபர்களை அவற்றின் பாட்டில் விட்டுவிடுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீர் பம்ப் அறையில்தான் குறைந்து தெரியும். டேப் கோடு வரை ஊற்றி வாருங்கள்.

இன்னும் நாலு எச்சரிக்கை. பம்ப்பின் வயரைப் பிளக்குக்கு நேரே இழுக்காமல், ஒரு முறை தாழத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள்; வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். மேல்தொட்டியின் தண்ணீர் மட்டும் 140 கிலோ. தாங்கும் மேசையை நல்ல தச்சரிடம் செய்வியுங்கள். கீழ்த்தொட்டியை நுளம்பு வலையால் மூடுங்கள். ஓடும் நீரில் டெங்கு நுளம்பு பெருகாது; ஆனால் பம்ப் நின்று சில நாட்கள் கவனிக்காமல் விட்டால், கட்டிலுக்கடியில் இருக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கடைசியாக ஒன்று. வளர்க்க முடியாமல் போன மீனைக் கால்வாயிலோ ஆற்றிலோ விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவாக்க வாங்கும், உறிஞ்சும் வாயுள்ள தென்னமெரிக்க மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. லே தித்தயாவின் ஓடையில் அதற்கு இடம் இல்லை. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாற்றி எடுத்த தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். ஆற்றோரத்துச் செடிகள் எடுத்துக்கொள்ளும் அதே நைத்திரேற் அதிலும் இருக்கிறது. மிளகாய்க் கன்றுக்கும் ரம்பைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். மலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்த தண்ணீர், உங்கள் வீட்டிலும் ஒரு வேலை செய்துவிட்டுப் போகட்டும்.